சடச்சி கூப்பிடாத பேரு

மலை ஏற யார்கிட்டயும் சீட்டு வாங்க வேண்டாத காலம் அது. அந்தக் காலத்துல, இதே ஈச்சங்கரட்டுல, மொத்தமே நாப்பது வீடு இருந்துச்சாம். நாப்பதும் புல்லு வேஞ்ச வீடு. ஊருக்கு மேக்க மலை. மலை பூரா சுக்குநாறிப்புல்லு, ஆளு உசரத்துக்கு நிக்கும். அந்தப் புல்லுல எண்ணெய் இருக்குல்ல, பங்குனி சித்திரையில ஒரு பொறி விழுந்தாப் போதும், மடமடன்னு பத்திக்கிரும். மலையில தீ எறங்குச்சுன்னா அடுத்தது நம்ம கூரைதான்.

அதனால கோயிலுக்கு ஒரு பூசாரி இருக்கிற மாதிரி, எங்க ஊருல தீக்குன்னு ஒரு ஆளு உண்டாம். புகை கண்டாச்சுன்னா ஊரே அந்த ஆளு சொல்லுக்குக் கட்டுப்படணும். நாட்டாமையா இருந்தாலும் சரி, பண்ணையாரா இருந்தாலும் சரி.

அப்பிடித் தீக்குன்னு ஆளா இருந்தவருக்கு ஆம்பளைப் புள்ளை இல்ல. ஒரே பொண்ணு. பேரு சடச்சி. நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து அப்பன் பின்னாடியே மலையேறுவாளாம். புல்லு நுனியப் பாத்தே காத்து எப்பத் திரும்பும்னு சொல்லுவாளாம். அப்பன் செத்த மறு வருசம் மலையில தீ. ஆம்பளைக எல்லாரும் இங்க வெட்டலாம், அங்க வெட்டலாம்னு ஒருத்தனுக்கொருத்தன் சண்டை. இவ என்ன செஞ்சா? அருவாளை எடுத்துக்கிட்டு மேல போயி, ஒரு எடத்துல நின்னு, "இங்க புல்லைச் செதுக்குங்க"ன்னாளாம். செதுக்குனாக. தீ அங்கதான் நின்னுச்சு.

பொம்பளை சொல்லி ஆம்பளை கேட்டானான்னு கேக்காதீக. நானும் ரெண்டு வருசம் தீக்காவலுக்குப் போனவன் சொல்றேன். தீ முன்னால நிக்கிறப்ப, யாருக்குத் தெரியுமோ அவுக வாயைத்தான் பாப்போம். மீசையெல்லாம் அங்க கருகிப் போகும்.

அன்னைக்கிலேருந்து அவளுக்குக் கீழ பன்னெண்டு ஆளு. அதுல ஒருத்தரு அவ புருசன், தவசி. இன்னொருத்தரு தவசியோட தம்பி குருவன். அப்பக் கல்யாணமாகாத பய. குருவன்தான் எங்க பாட்டனுக்குப் பாட்டன். அவரு வாய்ல வந்த கதைதான் இது.

தவசி நல்ல ஒசரமாம். அதிகம் பேச மாட்டாராம். மலையில பொண்டாட்டியை "மேஸ்திரி"ன்னுதான் கூப்பிடுவாராம், கேலியா. "வீட்டுல நான் சொல்றதை நீ கேளு, மலையில நீ சொல்றதை நான் கேக்குறேன்"ன்னு ஒரு ஒப்பந்தமாம் ரெண்டு பேருக்கும். வீட்டுலயும் அவ சொன்னதைத்தான் கேட்டாருன்னு குருவன் சொல்லுவாராம்.

இப்பத் தீயை எப்பிடி அணைச்சாகன்னு தெரிஞ்சுக்கங்க, இல்லாட்டிக் கதை புரியாது. தண்ணிக்கு எங்க போறது மலையில? பச்சைக் கொப்பை ஒடிச்சு அடிச்சு அணைக்கணும். அதுக்கு அடங்கலைன்னா, தீக்குக் கீழ புல்லைச் செதுக்கி, வெறும் மண்ணா ஒரு கோடு போடணும். ஆளுக எல்லாரும் அந்தக் கோட்டுக்குக் கீழ வந்துறணும். பெறகு கோட்டுக்கு மேல நாமளே தீ வைக்கணும். எதிர்த்தீ. காத்து மலைமேல ஏறுறப்ப வச்சா, நம்ம தீ மேல ஏறிப் போயி வர்ற தீயோட மோதும். எரிய ஒண்ணுமில்லாம ரெண்டும் செத்துப் போகும்.

பகல்ல காத்து ஏறும். பொழுது சாய்ஞ்சா திரும்பி ஊரைப் பாத்து எறங்கும். அந்தத் திருப்பத்துக்கு முன்னாடி வச்சாத்தான் எதிர்த்தீ. பிந்துச்சுன்னா நாமளே ஊரைக் கொளுத்துன கதைதான்.

கோட்டுக்கு மேல ஒரு ஆளு நின்னாலும் அவன் கதி என்ன? அதுக்காக சடச்சியோட அப்பன் ஒரு வழக்கம் வச்சிருந்தாராம். தீ வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனா பேரு சொல்லிக் கூப்பிடணும். அவன் "இருக்கேன்"னு சொல்லணும். எல்லாரும் சொன்ன பெறகுதான் பந்தத்தைத் தொடணும். சடச்சியும் அதே மாதிரி கூப்பிடுவா. "சன்னாசி!" "இருக்கேன்!" "பூலோகம்!" "இருக்கேன்!" "மொக்கை!" "இருக்கேன்!" இப்பிடியே வரும்.

ஆனா புருசன் பேரை எப்பிடிச் சொல்லுவா? அந்தக் காலத்துல எந்தப் பொம்பளை சொன்னா? சொன்னாப் புருசன் ஆயுசு கொறையும்னு பயம். "மாமா"ன்னு கூப்பிடலாம்ல, அப்பிடின்னு கேப்பீக. மலையில நின்னுக்கிட்டு மாமான்னா, பாதி ஆளு அவளுக்கு மாமன் மொறைதான், எவன் பதில் சொல்றது? அதுக்கு ஒரு வழி பண்ணியிருந்தாக. கடைசியாக் குருவனைக் கூப்பிடுவா. குருவன் "இருக்கேன் மதினி"ன்னு சொல்லிட்டு, அவரே "அண்ணே!"ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. தவசி "இருக்கேன்"ம்பாரு. ஒம்பது வருசம் இப்பிடியே நடந்துச்சாம். ஒம்பது வருசமும் ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆகல.

பத்தாம் வருசம், பங்குனி மாசம், வெயிலு உச்சிக்கு ஏறுற நேரம் புகை கெளம்புச்சாம். பன்னெண்டு பேரும் ஏறுனாக. கொப்பை ஒடிச்சு அடிக்கிறாக, அடிக்கிறாக, அடங்கல. சடச்சி நெலமையைப் பாத்தா. "விடுங்க. எல்லாரும் கீழ எறங்கிக் கோடு போடுங்க"ன்னா. ஒரு மைலு நீளத்துக்குக் கோடு. ஒருத்தனுக்கொருத்தன் மூஞ்சி தெரியல, அம்புட்டுப் புகை.

அந்த நேரத்துல மொக்கைக்குக் காலு ரெண்டும் வெந்து போச்சு. கத்துறான். இன்னும் எறங்காம மேல தவசிக்குப் பக்கத்துல நின்ன குருவன் ஓடியாந்து அவனைத் தோள்ல தூக்கிட்டாரு. சடச்சி பாத்துச் சொல்லியிருக்கா, "நிக்காத குருவா, கீழ ஊத்துக்குக் கொண்டு போ. ஊருல கெழடு கட்டை, புள்ளைகளை வெளியேத்தச் சொல்லு. ஓடு!" குருவன் ஓடிட்டாரு. அண்ணன் நம்ம பின்னாடியே வர்றாருன்னு நெனப்பு அவருக்கு.

ஆனா அண்ணன் வரல. மேல ஒரு காஞ்ச வேங்கைக் கட்டை, தீப் புடிச்சு, உருளத் தயாரா நின்னுச்சாம். அது உருண்டுச்சுன்னா நேரா கோட்டைத் தாண்டிக் கீழ புல்லுக்குள்ள போயி விழும். அப்பறம் கோடு எதுக்கு? தவசி கல்லைப் பொறக்கிப் பொறக்கிக் கட்டை உருளாம அண்டை குடுத்துக்கிட்டிருந்திருக்காரு. இதை ஒருத்தரும் பாக்கல.

பொழுது சாயுது. புல்லு நுனி ஆட்டம் கொறைஞ்சு போச்சாம். சடச்சிக்குத் தெரிஞ்சு போச்சு, காத்து திரும்பப் போகுது, இன்னும் கொஞ்ச நேரந்தான். கீழ பாத்தா நாப்பது கூரை. பேறு ஆகி மூணு நாளான பொம்பளை ஒருத்தி, நடக்க மாட்டாத கெழடு கட்டை எத்தனை பேரு. பந்தத்தைக் கையில எடுத்துட்டா. பேரைக் கூப்பிடுறா.

"சன்னாசி!"

"இருக்கேன்!"

"பூலோகம்!"

"இருக்கேன்!"

அப்பிடியே ஒம்பது பேரு. ஒம்பது பேரும் சொல்லிட்டாக. மொக்கையை விட்டுட்டா, கீழ போயிட்டான்ல. குருவனையும் விட்டுட்டா, அவளே அனுப்புனவ. குருவனை விட்டப்ப அவரு கூப்பிடுற ஆளும் சேந்து விட்டுப் போச்சு. கூப்பிட்ட பேரு அம்புட்டுக்கும் பதில் வந்துருச்சு. மனசுல ஒரு கொறையும் தெரியல.

தீ வச்சுட்டா.

ஏறுச்சாம் தீ. இருக்கிற காத்தைப் புடிச்சுக்கிட்டு கடகடன்னு ஏறி, மேல வந்த தீயோட மோதுச்சாம். மலையே உறுமுன மாதிரி ஒரு சத்தம். பெறகு படிப்படியா அடங்கிப் போச்சு. காத்து திரும்பி எறங்குனப்ப ஊருக்கு வந்தது வெறும் சாம்பல்தான். ஒரு கூரை கருகல. ஒம்பது பேரும் கொப்பைத் தூக்கிப் போட்டுட்டுக் கூத்தாடுறாக. சடச்சியும் சிரிச்சாளாம். "மேஸ்திரின்னு இனிமே கேலி பண்ணச் சொல்லுங்க பாப்போம்"ன்னாளாம்.

அப்பக் கீழயிருந்து குருவன் தண்ணிக் கொடத்தோட ஏறி வர்றாரு. வந்து ஒவ்வொருத்தருக்கா ஊத்துறாரு. ஊத்திட்டு நிமிந்து பாத்து,

"மதினி, அண்ணனை எங்க காணோம்?"

"உன் கூடத்தான எறங்குனாக?"

"இல்லையே மதினி. மேல நின்னாரு. நீங்க கூப்பிடலையா?"

ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன். இருங்க.

நானு கூப்பிடலையே, நானு கூப்பிடலையேன்னு ரெண்டு தடவை சொன்னாளாம். பெறகு அந்தச் சுடு சாம்பல்ல ஓடுனா. வெறுங்காலு. பின்னாடி ஓடுனவுகளால எட்ட முடியல. பாதி மலையில நின்னு, வாயைத் தொறந்து, பொறந்ததுலேருந்து சொல்லாத பேரைச் சொன்னா.

"தவசீ!"

மலை திருப்பிச் சொல்லுச்சாம். அவரு சொல்லல.

"தவசீ! தவசீ!"

இருட்டுறதுக்குள்ள கண்டுபுடிச்சுட்டாக. கட்டைக்குக் கீழ கல்லு அடுக்குனது அடுக்குன மாதிரி இருந்துச்சாம். கட்டை உருளவே இல்ல. கல்லு பத்தாத எடத்துல முதுகைக் குடுத்திருக்காரு மனுசன்.

தீ வைக்கிறதுக்கு முன்னாடி அவ பேரு கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்குமான்னு குருவன் சாகுற வரைக்கும் பொலம்புவாராம். கேட்டிருக்கும். காத்து மேல ஏறிக்கிட்டிருந்துச்சுல்ல, கீழ நின்னு அவ கூப்பிட்ட ஒம்பது பேரும் அவரு காதுக்குப் போயிருக்கும். "இரு, இன்னும் வரல"ன்னு அவரு கத்துனது கீழ வந்திருக்காது. தவசின்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதில் வரலையேன்னு கையை நிறுத்தியிருப்பா. அம்புட்டுத்தான் விசயம். ஒரு பேரு.

மூணாம் நாளு ஊர்ப்பெரியவுக வந்து ஆறுதல் சொன்னாகளாம். என்ன ஆறுதல்? "நீ மொறை தப்பல தாயி. உசுரு போற நேரத்துலயும் புருசன் பேரைச் சொல்லல. உன்னை மாதிரி பத்தினி யாரு?"

அவளுக்கு வந்துச்சாம் பாருங்க ஆத்திரம். எந்திரிச்சு நின்னுட்டா. "மொறையா? அந்த மொறைதான் அவுகளைத் தின்னுச்சு. ஆயுசு கொறையும்னு சொன்னீகளே, சொல்லாம வச்சு எம்புட்டு ஆயுசு கூடுச்சு? எந்திரிச்சுப் போங்க எல்லாரும்."

குருவன் காலுல விழுந்து, "எம்மேல தப்பு மதினி, நாந்தான் பாக்காம வந்துட்டேன்"னு அழுதாராம். "உன்னை அனுப்புனது நானு. கூப்பிட வேண்டியதும் என் வாய்தான். நீ எந்திரி"ன்னாளாம்.

செல பேரு வேற மாதிரி சொல்லுவாக. அவ தீயில எறங்கிட்டா, சாமியாயிட்டா, அந்தப் பாறையில காலடி இருக்குன்னு. சும்மா புளுகு. சாமியாக்கிட்டா நமக்குச் சோலி முடிஞ்சிரும்ல, ஒரு சூடத்தைக் கொளுத்திட்டுப் போயிறலாம். அவ சாகல. முப்பது வருசம் இருந்தா. முப்பது வருசமும் தீ கண்டப்பெல்லாம் மலையேறுனா. கோடு போட்ட பெறகு, மொதப் பேரா "தவசீ"ன்னு கூப்பிடுவாளாம். கொஞ்ச நேரம் நிப்பா. பெறகுதான் மத்த பேரு. அந்த முப்பது வருசத்துல ஒரு ஆளைத் தீ தொடல.

தவசி செத்த மறு வருசம் குருவனுக்குக் கல்யாணம். பொண்ணு கீழூரு, பேரு காத்தாயி. தாலியைக் கையில எடுக்குற நேரம், சடச்சி பந்தலுக்குள்ள வந்துட்டா. எல்லாரும் பதறிட்டாக. தாலியறுத்தவ மணவறைக்கு முன்னாடி வரலாமா? "அடி ஆத்தி, நல்ல காரியத்துல இப்பிடிப் பண்றியே, ஓரமா நில்லு"ன்னு ஒரு பெரியவரு அதட்டுனாராம்.

"நான் நிக்க வரல மாமா. ஒரு பேரைச் சொல்லிட்டுப் போக வந்தேன்"னா. மலையப் பாத்துத் திரும்புனா. "தவசீ!"ன்னா. மேளம் நின்னு போச்சு. பெறகு பொண்ணுகிட்டக் குனிஞ்சு, "தாயி, நீ இப்ப உன் மாப்பிள்ளையக் கூப்பிடு. பேரைச் சொல்லிக் கூப்பிடு"ன்னா.

காத்தாயிக்கு வெக்கம். குனிஞ்சுக்கிட்டு முணுமுணுத்துச்சாம். "எனக்கே கேக்கல தாயி. மலைக்குக் கேக்கணும்"னா சடச்சி. ரெண்டாந்தடவை கூப்பிட்டுச்சு, பந்தலுக்குக் கேட்டுச்சு. மூணாந்தடவை அந்தப் பொண்ணு தலையத் தூக்கி, மலையப் பாத்து, "குருவா!"ன்னு போட்டுச்சாம் ஒரு சத்தம்.

குருவன் அழுதுக்கிட்டே சொன்னாராம், "இருக்கேன்."

அதுக்குப் பெறகுதான் தாலி ஏறுச்சு.

அன்னைக்கிலேருந்து எங்க ஊருப் பொம்பளைக புருசன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாக. சுத்துப்பட்டு ஊரெல்லாம் சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

நீங்க பொண்ணு வீட்டுக்காரவுக, புதுசா வந்திருக்கீக, அதான் முன்கூட்டியே சொல்லிப்புட்டேன். நாளைக்குக் காலையில முகூர்த்த நேரத்துல மேளம் நிக்கும். தாலியறுத்த பொம்பளை ஒருத்தி எந்திரிச்சு மலையப் பாத்துத் "தவசீ"ன்னு கூப்பிடுவா. என்னமோ ஏதோன்னு யாரும் பதறாதீக. பதில் வராதுன்னு எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பதில் வர்றதுக்கு எம்புட்டு நேரம் ஆகுமோ, அம்புட்டு நேரம் பந்தல்ல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டோம். கைப்புள்ளை அழுதாக்கூட வெளிய தூக்கிட்டுப் போயிருவோம்.

அதுக்குப் பெறகு உங்க பொண்ணு எங்க பயலைக் கூப்பிடணும். வெக்கப்படாம, மலைக்குக் கேக்குற மாதிரிக் கூப்பிடச் சொல்லுங்க. அவன் இருக்கேன்னு சொல்லுவான்.