சாமியாரின் பைக் நிற்கும் வீடு

"ஏஞ்சாமி, எங்க ஊட்டுக் கதவத் தட்டக்கூடவா கூச்சம்?" என்று இன்னாசிமேரி அத்தை ஒருமுறை கேட்டார். சந்தா வாங்கப் போன நான் அவர் வாசலில் வெகுநேரமாக நின்றிருந்தேன். உள்ளே கூப்பிட்டுச் சூடாகப் பணியாரம் தந்தார்.

பத்தாவதோடு பள்ளியை விட்டு வீட்டிலிருந்த எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் ஆண்ட்ரூஸ் அண்ணன். எங்கள் மாதா கோயில் பங்கின் நல்மரண சபைக்குச் செயலாளர். மாதாமாதம் சந்தா கட்டியவர் இறந்தால் பெட்டி, பேண்டு, குழி எல்லாம் சபைச் செலவு. மூன்று மாதம் தொடர்ந்து விட்டுப்போனால் ஒன்றும் கிடையாது. நான் சேர்ந்த புதிதில், நாமக்கல் சவப்பெட்டிக் கடைக்காரர் எங்கள் சபை ஆட்களைக் கண்டாலே ஷட்டரை இறக்குவார். அவ்வளவு பாக்கி.

முதல் தடவை உண்மையான கூச்சம்தான். ஒரு வீட்டில் படுக்கையிலிருந்த பெரியவரின் முனகல் கேட்டது. தட்டாமல் திரும்பினேன். அடுத்தடுத்த மாதமும் அப்படியே. அந்தப் பெரியவர் இறந்தபோது சபைக்குச் செலவே இல்லை. "ராசியான கை சாமி உனக்கு" என்றார் அண்ணன். அதுவரை என்னை யாரும் பாராட்டியதில்லை.

பிறகு எளிதாகிவிட்டது. மாதத்தின் முதல் வெள்ளிதோறும், எழ முடியாத நோயாளிகளுக்குப் பங்குச் சாமியார் வீடு தேடி நன்மை அப்பம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் பைக் நிற்கும் வீடுகளுக்கு நான் போவதில்லை. படுத்திருப்பவரை விட்டுவிட்டுச் சந்தா கட்ட யார் வரப்போகிறார்கள்? சிலர் கம்மலை அடகுவைத்துப் பெட்டி வாங்கினார்கள். நான் யார் பணத்தையும் எடுக்கவில்லை. சொல்லப்போனால், வாங்கவே இல்லை.

சபை செழித்தது. புது நாற்காலிகள், பேண்டுக்காரர்களுக்குச் சிவப்புச் சட்டை, திருவிழாவில் எல்லாருக்கும் பிரியாணி. நோயாளிகளுக்கும் பொட்டலம் அனுப்பச் சொன்னேன். அந்த வீடுகள் எனக்கு மனப்பாடம்.

இந்த ஆண்டு பைக் அத்தை வீட்டு முன்னால் நின்றது. அவர் கணவர் ராயப்பன் மாமாவுக்கு முடியவில்லை. பணியாரம் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குச் சலுகை காட்டினால் சபை என்னாவது?

நேற்று மாமா இறந்தார். அத்தை சபைக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, விட்டுப்போன மூன்று மாதச் சந்தாவை மேசைமேல் வைத்தார்.

"நீ தட்ட மாட்டியேன்னு கதவத் தொறந்தே வெச்சிருந்தேன் சாமி."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி போவுல?"

"கூச்சமா இருந்துச்சுங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தொண்டையைச் செருமி விதியைப் படித்தார்.

அத்தை என்னைப் பார்த்தார். பணத்தை மறுபடி முடிந்துகொண்டு, தலை குனிந்தபடி வெளியே போனார். பாவம், அவருக்கும் என்னைப் போலவே கூச்சம் வந்துவிட்டது.