இடது காலணி

டீ வேண்டாம் ஐயா, தண்ணீர் போதும். வெறும் வயிற்றில் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். நீங்கள் உட்காருங்கள். மறைக்க ஒன்றுமில்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் காலணி செய்வது. பாதம் வளைந்தவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள், கடையில் வாங்கிப் போட முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். அளவெடுத்துச் செய்து கொடுப்பேன். என் மனைவி தலைமையாசிரியை. வீட்டிலும் அவள்தான் தலைமை. குறையாகச் சொல்லவில்லை. நான் ஒரு வேலையைத் தொடங்குவதற்குள் அவள் அதை முடித்துக் கையைத் துடைத்திருப்பாள். திருச்சபையில் அவளை டீச்சரம்மா என்பார்கள். என்னை டீச்சரம்மா வீட்டுக்காரர் என்பார்கள். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு நானே பார்த்துக்கொண்டேன். சோறு ஊட்டினேன், தலை வாரினேன். காலையில் வெந்நீர் வைத்து, மண்டியிட்டு அவள் காலைக் கழுவித் துடைத்தேன். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவினாரே, அதைத்தானே நானும் செய்கிறேன் என்று மனசுக்கு இதமாக இருந்தது.

"விடுங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்பாள் முதலில். பிறகு ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது.

போதகர் நலம் விசாரிக்க வந்தபோது துண்டும் கையுமாக என்னைப் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கமே அதுதான். "மனைவியிடத்தில் எப்படி அன்பு கூர வேண்டும் என்று தெரியாத கணவன்மார், நம் சகோதரன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள் என்ன ஓடியது என்பது கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

பிறகு டாக்டர் சொன்னார், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இடது கால் மட்டும் ஒரு விரற்கடை குட்டை, காலணியை உயர்த்திக் கொடுத்தால் பழையபடி நடந்து வேலைக்குப் போகலாம் என்று. என்னைத் தட்டிக்கொடுத்து, "வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே" என்றார்.

வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள நடந்துடணும். ஆபீஸ் ரூம் என்ன கதியில கிடக்குதோ. நீங்களும் கடையை ஒழுங்காத் திறங்க, இப்படியே இருந்தா எப்படி?" அது பழைய குரல். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலணியை நல்ல மிருதுவான தோலில் செய்தேன். உயரம் இம்மி பிசகவில்லை. உள்தோலுக்கு அடியில், குதிகாலின் உள் ஓரத்தில், ஒரு தோல் துண்டை ஆப்பு மாதிரிச் சீவி ஒட்டினேன். நிற்கும்போது தெரியாது. நாலு எட்டு வைத்தால் கணுக்கால் வெளியே மடங்கும், இடுப்பில் வலி ஏறும்.

"சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே, ஏன் இப்படி உயிர் போகுது?" என்றாள்.

"எலும்பு கூடினாலும் சதை பழக நாளாகும். அவசரப்படாதே" என்றேன்.

நம்பினாள். கால் விஷயத்தில் மட்டும்தான் அவள் எப்போதும் என் பேச்சைக் கேட்பாள். மறுபடி டாக்டரிடம் காட்டலாம் என்றாள் மச்சினி, அவள் தங்கை. அலைச்சல் ஆகாது என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மனைவி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டேன்.

தினமும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன் ஐயா. அழுது கேட்டேன். எழுந்து போய் அதே காலணியை அவள் காலில் மாட்டினேன். ஒருமுறை மனம் தாங்காமல், ஆப்பை எடுத்துவிடலாம் என்று உள்தோலைப் பாதி பிரித்தேன். அந்நேரம் பார்த்துப் போதகர் வந்தார். தம்பதியர் கூட்டத்தில் தாழ்மையையும் பணிவிடையையும் பற்றி நான்தான் பேச வேண்டும் என்றார். அவர் போனதும் பசை தடவி மூடிவிட்டேன்.

கூட்டத்தில் நன்றாகவே பேசினேன். பெண்கள் அழுதார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அவள் சமையலறைப் படிக்குக் கீழே கிடக்கிறாள். பக்கத்தில் கவிழ்ந்த பேசின், சுற்றிலும் வெந்நீர், தோளில் துண்டு. நான் கடைக்குப் போகிற நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து பழகியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"நீங்க களைச்சு வருவீங்க. ஒரு தடவையாவது உங்க காலை நான் கழுவணும்னு நினைச்சேன். கணுக்கால் மடங்கிடுச்சு" என்றாள்.

முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார்கள்.

விழுந்த வேகத்தில் காலணியின் ஓரம் பிளந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மச்சினி அதைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். அவள் உள்ளே விரலை விட்டு அந்தத் துண்டை இழுத்தாள்.

"இது என்னங்க?"

நான் பொய் சொல்லவில்லை. அவள் அந்தத் துண்டை என் பக்கம் நீட்டினாள். "நான் எழுந்து நடந்திருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்றாள்.

மச்சினி உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகார் அத்தனையும் உண்மை. தெரிந்தே செய்தேன், என் கையால் செய்தேன், அவள் எழுந்துவிடக் கூடாது என்று செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை அவள் அறைக்குள் விடக் கூடாது என்று அவளே சொன்னதாகச் சொன்னீர்கள். அது கோபத்தில் சொன்னது, ஆறிவிடும். படுத்தே கிடந்தால் முதுகெல்லாம் புண்ணாகும், பக்குவமாகப் புரட்டிவிட வேண்டும். மச்சினிக்கு அதெல்லாம் வராது. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். இனிமேல்தானே ஐயா, அவளுக்கு நான் உண்மையாகவே வேண்டும்.