பெருவள்ளிக்குப் பேறுகாலம்

"எனக்குப் பொண்ணே கெடையாது. அவளுக்குத் தையில பிரசவம்னு எங்க வீட்டுக்காரர் ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாரு."

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மாள் இதைச் சொன்னதும், பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்தவள் சட்டெனத் திரும்பினாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"இந்த ஐப்பசியோட அவருக்கு ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வைகாசியில நட்ட பெருவள்ளிக்கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. கொடி காய்றதுக்கு முன்னாடி தோண்டக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். மூணு மாசம் டயம் கேட்கத்தான் இந்தப் பொய்."

"கெயங்குக்கோசரம் பெக்காத பொண்ணுக்குப் பிரசவமா? மாமா கில்லாடிதான்!"

"சிரிக்காத. நேத்து அதிகாரி நேர்லயே வந்து, 'பொண்ணு எங்கம்மா?'ன்னு கேட்டுட்டாரு. எங்க வீட்டுக்காரர் கொஞ்சமும் வெட்கப்படாம அவரைக் கொல்லைக்குக் கூட்டிப் போயி, மாடி ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்த கொடியைக் காட்டிட்டாரு."

"தொலைஞ்சார்! திட்னாரா?"

"இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. 'தைக்குள்ள காயாது, மாசி ஆகும்'னு சொல்லி, மூணு மாசத்தை அடிச்சு நாலுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு."

"அப்போ அந்தப் பிரசவம்?"

"அதை அடிக்கவே இல்ல. போகும்போது என்கிட்ட, 'மழைக்காலம்மா. பொண்ணு காலடியில தண்ணி நிக்காமப் பார்த்துக்கங்க'ன்னாரு."