அலகு குத்திய எட்டாம் நாள்

எனக்குக் கை நடுங்காது. அதனால்தான் கோயிலில் அலகு குத்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மருத்துவப் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டவன் நான். இப்போது அலோன் பகுதிக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல். ஆனாலும் கோயிலில் நான் டாக்டர். யாங்கூனில் வேறெங்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இந்த வருடம் அக்கா ரேவதியின் கணவர் பிரேம்நாத்துக்கு நேர்த்திக்கடன். மேளக் கூட்டம் நெருக்கியதில் வேல் மண்ணில் விழுந்தது. மறுபடி வெந்நீரில் போட நேரமில்லை. விபூதியால் துடைத்துக் கன்னத்தில் குத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

எட்டாம் நாள் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

“என்ன டாக்டரு, மொகிங்கா சூப்புகூட உள்ள போவல. பூட்டுப் போட்டுட்டியா?” பல் பிரியாமலே சிரித்தார்.

“குத்துன எடம் வீங்கியிருக்கு மச்சான். ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

அலகு குத்தியவர்களுக்குத் தாடை வலிப்பது எங்களுக்குப் புதிதல்ல. அக்கா நம்பினாள்.

எனக்குத் தெரியும். அது ரணஜன்னி, டெட்டனஸ். கிருமி காயத்திலேயே கிடக்கும். அது கக்கும் நஞ்சுதான் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறும். பென்சிலின் கிருமியைக் கொல்லும், நஞ்சைத் தொடாது. நஞ்சுமுறி ஊசி போட வேண்டும். அதுவும் நரம்பில் ஒட்டாத நஞ்சை மட்டுமே பிடிக்கும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனால் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, யார் குத்தியது என்பதாக இருக்கும்.

மூன்று நாள் பென்சிலின் மாத்திரையைக் கரைத்துப் பல்லிடுக்கில் விட்டேன். கதவு சாத்தும் சத்தத்துக்கே அவர் உடம்பு வில்லாக வளைந்தது.

“போவலாம்னு ஒரு வார்த்தை சொல்லுடா தம்பி. டாக்சி கூப்புடுறேன்.”

“பொறுக்கா.”

தாடை இறுகிய நான்காம் நாள் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அப்போதுதான் டாக்சி. தாடை எப்போது இறுகியது என்று ஆஸ்பத்திரியில் பர்மிய டாக்டரம்மா கேட்டார். இன்று காலை என்றேன். அக்கா ஏதோ சொல்ல வந்தாள்; அவள் கையை அழுத்தினேன். மறுநாள் மச்சான் இறந்தார்.

வெந்நீரில் அந்தக் கிருமியின் வித்து சாகாது. ஆகவே வெந்நீரில் போடாததைக் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் முன்பே கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அக்கா இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. துக்கம்தான், வேறொன்றும் இல்லை.