நெபுலாவுக்கு மணப்பெண் அலங்காரம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் திரு. நஸ்ருதீன் அவர்களே, திருப்பத்தூர் வானோக்குநர் சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நாற்பது நிமிடம் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தமைக்கு அவையோரின் மன்னிப்பைக் கோருகிறேன். நாட்றம்பள்ளியில் பேருந்து நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை, ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, 'நெபுலாப் படங்களில் இயற்கை நிறம்'. வரைபடம் போட்டு விளக்க என்னால் இயலும். எந்தக் கல்லூரியும் கற்பிக்காமல் நானே கற்றதுதான் அத்தனையும். ஆனால் பின்கட்டிலிருந்து பிரியாணி வாசம் வருகிறதே... வரைபடத்தை யார் பார்ப்பீர்கள்? ஆகவே ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சின்னஞ்சிறு கதை, பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

நம் சங்கத்து வசுமதி அம்மையாரை அறிவீர்கள். மூன்றாம் வரிசையில், திடீரென்று கைப்பைக்குள் எதையோ தேடுகிறார் பாருங்கள்... அவரேதான். ஜவ்வாது மலையில் ஆறு இரவு பனியில் உட்கார்ந்து ஓரியன் நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகத்தைப் படமெடுத்தவர். நம் நாட்காட்டியின் ஜனவரித் தாளில் தம் படம் வரவேண்டும் என்பது அவருடைய நான்காண்டு ஆசை. மூன்று முறை அனுப்பினார். மூன்று முறையும் திரும்பி வந்தது.

கேமராவிலிருந்து இறங்கும்போது நெபுலா எப்படி இருக்கும்? ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை போல் இருக்கும். கணினியில் ஒளியைக் கூட்டி, உள்ளே இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அதில் பிழையில்லை. ஆனால் எங்கே நிறுத்துவது? அம்மையார் இம்முறை நிறுத்தவே இல்லை. மயில்கழுத்து நீலம்... ஓரமெல்லாம் வாடாமல்லி... நடுவில் எலுமிச்சை மஞ்சள்!

அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மூன்று மணிக்கு, அனுப்பும் பொத்தானில் விரல் இருக்கும்போது, உள்ளே வருகிறார் நாத்தனார் செண்பகம். ஆம்பூரில் மணப்பெண் அலங்காரம் செய்பவர். முகூர்த்தம் முடித்து நேராக வந்திருக்கிறார், முழங்கைவரை பவுடர்.

"என்ன அண்ணி, பட்டுப் புடவை எடுக்கப்போறீங்களா?"

"நெபுலாடி இது! எப்படி இருக்கு?"

செண்பகம் கண்ணாடியை மாட்டினார்... கழற்றினார்... மறுபடியும் மாட்டினார்.

"முகம் ஜோரா இருக்கு அண்ணி. கழுத்து எங்க?"

"நெபுலாவுக்கு ஏதுடி கழுத்து?"

"பொண்ணுக்கு முகத்துல மட்டும் பூசிட்டுக் கழுத்த விட்டா, மண்டபமே சிரிக்கும். யார் போட்ட மேக்கப்பா இருந்தாலும் நான் முதல்ல கழுத்ததான் பாப்பேன். இங்க சுத்தி நிக்கிற நட்சத்திரத்தப் பாருங்க. அத்தனைக்கும் வாடாமல்லியில ஓரம் அடிச்சிருக்கு. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அம்மையாருக்கு ரோஷம் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் உழைத்தார். நட்சத்திரங்களைத் தனியே பிரித்து, ஒன்று விடாமல் வெள்ளையடித்தார்.

"இப்ப சொல்லு!"

"இப்பவா? பொண்ணு வீட்டு ஜனம் மொத்தத்துக்கும் ஒரே டப்பாவுல பூசின மாதிரி இருக்கு. அத்தை, சித்தப்பா, நாதஸ்வரக்காரர் வரைக்கும்!"

"போடி அந்தப் பக்கம்!"

"போறேன். வானத்துல இருக்கிற எல்லா நட்சத்திரமும் வெள்ளையா அண்ணி? அத மட்டும் சொல்லுங்க."

அம்மையாருக்கு இது தெரியாதா? சூட்டுக்கேற்ப ஒன்று செம்மஞ்சள், ஒன்று இளநீலம் என்று பத்தாண்டுகளாக நமக்கெல்லாம் பாடம் நடத்துபவரே அவர்தானே!

கடைசியில் மெல்லச் சொன்னார். "இப்படி அனுப்பினாத்தான் செண்பா, எடுத்துக்குவாங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது அவையோரே... செண்பகமும் கேலியை விட்டுவிட்டு அருகில் உட்கார்ந்தார்.

"மேக்கப்பே வேணாம்னு நான் சொன்னா, என் கடைய நானே மூடணும். போடுங்க அண்ணி. மறுநாள் காலையில மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குப் பொண்ணு அடையாளம் தெரியற மாதிரி போடுங்க."

அம்மையார் முதலிலிருந்து தொடங்கினார். நட்சத்திரங்களை முதலில் சரிசெய்தார். சிவந்தது சிவப்பாகவும் நீலமானது நீலமாகவும் நின்ற பிறகே நெபுலாவைத் தொட்டார். வந்தது என்ன? இளஞ்சிவப்பு. நடுவில் மங்கிய பச்சை, விளிம்பில் புகைநீலம், குறுக்கே பழுப்புத் தூசு.

"ஐயோ செண்பா, மாநிறமா வந்திருச்சே!"

"நானும் மாநிறந்தான். எனக்கு என்ன குறைச்சலாம்?"

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் பதிலும் வந்தது. கேளுங்கள்: "படம் கூர்மையாக உள்ளது. நிறம் போதவில்லை. சற்றே பளிச்சென்று ஆக்கி அனுப்புக." கீழே யார் கையெழுத்து? இதோ, என் இடப்பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவருடையது... மெதுவாகக் குடியுங்கள் நஸ்ருதீன் ஐயா, புரையேறப் போகிறது.

அவரை மட்டும் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்? சென்ற ஆண்டு ஜனவரித் தாளுக்குக் கை தட்டியவர்கள் யார்? நீங்கள்தானே? நானுந்தானே? அந்தத் தாளைப் பார்த்த என் கணவர், இது எந்த ஜவுளிக்கடை கொடுத்தது என்று கேட்டார்!

இதன் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்த ஒளி அது. வந்த விருந்தினரை வாசலில் நிறுத்தி, வேறு முகம் மாட்டி உள்ளே அழைப்பது எந்த ஊர் மரியாதை? படமெடுப்பவர் ஏன் கூட்டிப் பூசுகிறார்? நாம் கேட்கிறோம், அதனால் பூசுகிறார். இயற்கை நிறம் என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைக்கிறோம். இயற்கை நிறத்தில் ஒரு படம் வந்தால்... திருப்பி அனுப்புகிறோம். அம்மையாருடைய கண் பழுதில்லை அவையோரே. நம்முடைய ரசனைக்குத்தான் வைத்தியம் தேவை.

வசுமதி அம்மையார் படத்தில் ஒரு புள்ளியையும் மாற்றமாட்டேன் என்று எழுதித் தந்திருக்கிறார். அக்கடிதத்தை இப்போது செயலாளர் முன் வைக்கிறேன். நாட்காட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜனவரித் தாளில் அந்தப் படம் வருமா, வராதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.