தெளியும்வரை

கலங்கிய பீர் எனக்குப் பிடிக்காது. மற்றபடி நான் யாரோடும் சண்டைக்குப் போகிற ஆளில்லை ஐயா.

எங்கள் பீர் ஆலை சிறியது. காய்ச்சுவது நான், விற்பது மைத்துனன். பீரில் ஏல், லாகர் என்று இரண்டு வகை. ஏல் மிதமான சூட்டில் சில நாளில் நொதித்துவிடும். பழ வாசனை வரும். லாகர் குளிரில் வாரக்கணக்கில் கிடக்கும், கண்ணாடியாகத் தெளியும். நான் இரண்டையும் சேர்த்தேன். ஏல் ஈஸ்ட்டைப் போட்டு நொதிக்கவிட்டு, பிறகு லாகரைப் போலக் குளிரில் கிடத்தினேன். வாசனையும் இருக்கும், தெளிவும் இருக்கும். காத்திருக்க மட்டும் தெரிய வேண்டும்.

அவனுக்குத் தெரியாது. முதல் முறை பாதியிலேயே இறக்கிக் கடைகளுக்கு அனுப்பிவிட்டான். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டாம் முறையும் அதேதான். மனைவியிடம் சொன்னேன். "என் தம்பிதானே, விட்டுக்கொடுங்களேன்" என்றாள். விட்டுக்கொடுத்தேன்.

மூன்றாம் முறை, தெளியத் தொடங்கியிருந்தபோது, காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன மாமா, இன்னும் தாலாட்டுதானா? ஏலும் இல்ல, லாகரும் இல்ல. உங்கள மாதிரியே ரெண்டுங்கெட்டான்."

"ஒரு வாரம் பொறு."

"பொறுத்துப் பொறுத்துத்தான் அக்காவுக்குத் தலை நரைச்சுப்போச்சு."

சிரித்துக்கொண்டே குளிர் அறைக்குள் போனான்.

அங்கே வழக்கமான லாகரும் திறந்த தொட்டிகளில் நொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரும் கரியமில வாயு தேங்கினால் மூச்சடைக்கும், அதை வெளியே இழுக்க ஒரு விசிறி உண்டு. அது ஓடினால் வெளிச்சூடு உள்ளே வரும். காலையிலேயே நிறுத்தியிருந்தேன். அவன் உள்ளே போனதும் கதவையும் சாத்தி, வெளியே தாழிட்டேன். திறந்து கிடந்தால் குளிர் போய்விடும்.

தட்டினான். "மாமா, விளையாடாதீங்க" என்றான். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டான். திறந்தால் இத்தனை நாள் குளிரும் வீண். நின்றுகொண்டிருந்தேன். சத்தம் அடங்கிய பிறகும் நின்றேன்.

விசிறியை ஏன் காலையிலேயே நிறுத்தினேன் என்று கேட்கிறீர்கள். அவன் அன்று வருவான் என்று மனைவி முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆமாம், கொல்லத்தான் நிறுத்தினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உங்கள் ஆட்கள் அந்தக் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்களாம். தயவுசெய்து சாத்தச் சொல்லுங்கள். இன்னும் சில நாள்தான். தெளிந்ததும் முதல் குவளையை என் மனைவிக்குக் கொடுங்கள். ஒரு வாய் குடித்தால் அவளுக்கே புரிந்துவிடும்.