ஃப்ரீசரைக் கொடுத்து வாங்கிய துப்பாக்கி

எங்கள் ஃப்ரீசர் வீட்டைவிட்டுப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. அது நின்ற இடத்தில் மட்டும் தரை வேறு நிறமாக இருக்கிறது. நேற்று தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

காபி ஆறிவிடும், டெபுடி, குடியுங்கள். ஆர்வில் ஸ்டக்கியைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். உள்ளே வெடிமருந்தும் குண்டும் இருந்த கைத்துப்பாக்கியை என் கணவருக்குக் கொடுத்தார் என்று அவர் மேல் வழக்குப் போடப்போகிறீர்கள். அதற்கு முன்னால் நான் கொஞ்சம் பேச வேண்டும்.

வெண்டெல் நல்ல மனிதர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. பழைய கைத்துப்பாக்கி சேர்ப்பது ஒன்றுதான். முதுகு கெட்டு அவர் வேலையை விட்டபிறகு எங்களுக்கு இருந்தது என் பள்ளிச் சமையலறைச் சம்பளம். அதில் நல்ல துப்பாக்கி வாங்க முடியாது. துருப்பிடித்தது, பிடி உடைந்தது, திருகு இறுகிப்போனது, இவைதான் கட்டுப்படியாகும். அதற்கும் பணம் இல்லாதபோது பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வார். என் தையல் மிஷின் அப்படித்தான் போனது. முப்பத்தொரு வருடத்தில் நாற்பத்தாறு துப்பாக்கி. ஒன்றுகூட முழுசாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை பழைய துப்பாக்கிக் கண்காட்சியிலிருந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் துணியைப் பிரித்தார்.

"நெட்டி, இங்க வா. இதப் பாத்தா என்ன தோணுது?"

"கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கு."

"உனக்கு ரசனையே கிடையாது. உள்நாட்டுப் போருக்கு முந்தினதும்மா இது."

"எதக் குடுத்த?"

"ஃப்ரீசர. ஆர்வில் வண்டியோட வாசல்ல நிக்கிறான்."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"அதோட சேத்துத்தான் பேச்சு. வெறும் பெட்டிக்கு யாரு இதக் குடுப்பா? பீன்ஸ் அடுத்த வருஷமும் காய்க்கும், நெட்டி."

கோடை முழுவதும் நான் நறுக்கிக் கட்டிவைத்த பீன்ஸும் சோளமும் அதில் இருந்தன. என் தம்பி கொடுத்த அரை மான் இருந்தது. கொல்லை மரத்துச் செர்ரி ஒன்பது பை. குளிர்காலத்துக்கு எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். வெண்டெலுக்கு முதுகு முடியாது என்பதால், ஃப்ரீசரை வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்வார்கள். குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு, வாயருகே விரலால் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழாயோடு வைத்துப் பார்ப்பார்கள். குச்சி அடிவரை போயிருந்தால் காலி. முன்னாலேயே நின்றிருந்தால், எப்போதோ செத்துப்போன யாரோ நிரப்பிவைத்தது இன்னும் உள்ளே இருக்கிறது. நூற்றைம்பது வருடமானாலும் அது வெடிக்கும். வெண்டெலுக்குக் கண் மங்கியபிறகு அந்த வேலை என்னுடையதாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, சமையலறையை ஒட்டிய பட்டறையில், அதன் இறுகிய திருகைக் கழற்ற உட்கார்ந்தார். கேஸ் டார்ச் சுடரில் சூடேற்றினால் கழலும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் வைஸை அவர் பொருத்தியிருந்த விதத்தில் குழாயின் வாய் அவர் ஸ்டூலைப் பார்த்துத்தான் இருக்கும். அதை மாற்றிப் பொருத்தச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். குழாய் காலியா என்று அவர் வழக்கம்போல் கேட்டார். நான் வழக்கம்போல் பதில் சொன்னேன். பிறகு சமையலறைக்கு வந்து, குளிர் வராமலிருக்க நடுக்கதவைச் சாத்தினேன். மதியத்துக்கு ஒரே ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தேன். சத்தம் கேட்டபிறகுதான் அதைக் கவனித்தேன்.

அடக்கம் முடிந்து சாப்பிடும்போது ஆர்வில் மனைவி செர்ரி வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்தாள். என் செர்ரிதான். இரண்டு துண்டு சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. ஆர்வில் தட்டைத் தொடவில்லை.

"நெட்டி, குச்சி விட்டுப் பாத்தேனா இல்லையான்னு சத்தியமா ஞாபகம் இல்லம்மா," என்றார்.

"உங்களுக்கும் வயசாயிடுச்சு, ஆர்வில்," என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். வெண்டெலைக் கொன்றது தான்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டார். நீங்கள் கேட்டால் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிடுவார். எழுபத்தெட்டு வயது மனிதரை அப்படி விடுவது சரியில்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவள் இல்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்வில் பார்த்தாரோ இல்லையோ, நான் பார்த்தேன். குச்சி மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றது. எடுத்து மறுபடி விட்டேன், அங்கேயேதான் நின்றது. காலி என்று வெண்டெலிடம் சொன்னேன்.